ஆக்ராவின் ஞாபகார்த்தங்கள்

சரித்திரப் புகழ் வாய்ந்த இடத்திற்குச் செல்பவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவதில்லை. டில்லியிலும் கான்பூரிலும் குவாலியரிலும் உத்தியோக நிமித்தம் குடியேறியுள்ள நம்மவர்க்கு இது நன்கு தெரிந்ததே. ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஆக்ராவுக்கு அழைத்துச் செல்வது நம் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. அவர்கள் தெற்கே ரயிலேறும்போது, பூசணிக்காயில் செய்த பேட்டா மிட்டாயுடன், பழந்துணியில் சுற்றிய சிறு தாஜ்மஹால் ஒன்றும் பெட்டிக்குள் இருக்கும். இந்தச் சிறு தாஜ்மஹாலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லப் புகுந்தால், பெரிய தாஜ்மஹாலிலிருந்தே கற்களைப் பெயர்த்துச் சென்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் இயலாது.

மும்தாஜ் மஹால் 1631இல் காலமானாள். மறு ஆண்டு தொடங்கிய சமாதிப் பணிக்கு ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வெண்ணிறச் சலவைக்கல் வந்தது. அதில் மலரும் கொடியுமாகப் பதிப்பதற்கு, ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷானிலிருந்து நீலக்கல்லும், வேறு பல இடங்களிலிருந்து கார்னீலியன், ஜேட் முதலிய வண்ணக் கற்களும் வந்தன. இப்பதிப்பு வேலைக்குப் ‘பர்ச்சின் காரி’ என்று பெயர். யமுனையின் எதிர்க்கரையில் நூர்ஜஹான் தன் தந்தைக்கு 1622 முதல் 1628 வரை எழுப்பிய சமாதியிலேயே இக்கலை செழித்திருந்தது. நேரமில்லை என்று பலரும் பாராமலே திரும்பிவிடும் அக்கட்டடம், நம் எண்ணத்தில், இக்கலையைக் கற்றுக்கொள்வதற்குத் தாஜ்மஹாலைவிடவும் ஏற்ற இடமாகும்.

மொகலாயர் ஆட்சி தளர்ந்தபின் இக்கற்களுக்குக் காவல் இல்லாமற் போயிற்று. தாஜ்மஹால் தோட்டத்தில் உல்லாச விருந்து நடத்திய வெள்ளையர்கள், சுத்தியலும் உளியும் கொண்டு, சக்கரவர்த்தி தம்பதிகளின் சமாதிக் கற்களிலிருந்து வண்ணக் கற்களைப் பெயர்த்துப் பொழுது போக்கினார்கள். இதைச் சொன்னவர் வேறு யாருமல்லர். வைஸ்ராய் கர்சன் பிரபுவே 1900இல் கல்கத்தாவில் நிகழ்த்திய சொற்பொழிவில் வருத்தத்துடன் குறிப்பிட்டார். பெரிய பதவியில் இருந்தோரின் கை இன்னும் நீளமாயிருந்தது. ஆக்ராக் கோட்டையில் ஷாஜஹானின் சலவைக்கல் ஸ்நான அறையைப் பெயர்த்து, பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்கு அனுப்பினார் ஹேஸ்டிங்ஸ் பிரபு. எஞ்சியதை ஏலம் போட்டவர் பெண்டிங்க் பிரபு.

டில்லிச் செங்கோட்டையில் நடந்தது இதனினும் விசித்திரம். திவானி ஆமில் அரியணைக்குப் பின்னுள்ள சுவரில் பறவைகளும் மலர்களும் பதித்த கருங்கற் பலகைகள் உள்ளன. உச்சியில் இருப்பது, ஆர்பியஸ் என்னும் கிரேக்கக் கந்தர்வன் விலங்குகள் சூழ அமர்ந்து இசைப்பதைக் காட்டும் பலகை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஜோன்ஸ் என்ற அதிகாரி, இப்பலகைகளுள் பன்னிரண்டைப் பெயர்த்து, மேஜைப் பலகைகளாக அமைத்துக்கொண்டார். பிறகு அவற்றைத் தம் அரசாங்கத்திற்கே 500 பவுனுக்கு விற்றார்! லண்டன் பொருட்காட்சிச் சாலையில் இருந்த அவற்றை 1903 தர்பாரையொட்டி மீட்டுவர ஏற்பாடு செய்தவர் கர்சனே. பழுதானவற்றைச் செப்பனிட இத்தாலியின் ப்ளாரன்ஸ் நகரிலிருந்து ஒரு கலைஞரை வரவழைக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை செங்கோட்டைக்குப் போகும்போது அச்சுவரைச் சற்று நின்று பாருங்கள்.

இதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், அரச ஆதரவை இழந்த ஆக்ராக் கைவினைஞர்கள் புதிய வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டார்கள். ஓவியர்கள் கட்டடங்களை வரைந்து ஐரோப்பியருக்கு விற்றார்கள். கல் பதிப்போர் தட்டு, சிமிழ், காகிதப் பாரம், மேஜைப் பலகை, சிறு தாஜ்மஹால் ஆகியவற்றைச் செய்தார்கள். பெயர்த்தெடுத்த கல்லையன்றி, அதே வேலைப்பாட்டில் புதிதாய் அமைந்த பொருளைக் காசு கொடுத்து வாங்கிச் செல்லவும் வழி பிறந்தது. தாஜ்மஹாலைக் கட்டியவர்களின் நேர் வாரிசு தாமே என்று கூறாத கடைக்காரரை ஆக்ராவில் நாம் இன்னும் சந்திக்கவில்லை. வம்சாவளி எப்படியாயினும், கைவேலை கண்முன் நடக்கிறது. வெண்கல்லின்மேல் செந்நிறப் பூச்சிட்டு அதில் கோலத்தைக் கீறுகிறார்கள். ஒரு கையால் வில்லை இழுத்துச் சாணைச் சக்கரத்தைச் சுழற்ற, மறு கை நகக்கண் அளவேயுள்ள வண்ணக்கல்லை அதில் பிடித்துத் தேய்க்கிறது. பிறகு அதன் உருவத்திற்கேற்ப வெண்கல்லில் உளியால் பள்ளம் செதுக்கி, பசை வைத்துப் பதித்து, மெருகிடுகிறார்கள். ஓர் இதழிலேயே நிறம் மாறி மாறி வருவதற்குப் பல துண்டுகள் தேவை.

இத்தனை உழைப்பும் சேர்ந்த பொருள் மலிவாக இருக்க முடியாது. ஆனால் வாயிலுக்கருகே மலிவாகவும் கிடைக்கிறதே என்றால், அது பெரும்பாலும் மாக்கல். நம்மூரில் கற்சட்டி செய்யும் இனத்ததான மெத்தென்ற கல். நகத்தால் கீறினாலே கோடு விழும். சலவைக்கல்லில் நகம் ஏறாது. மெல்லிய சலவைக்கல் தட்டின் பின்னே விளக்கைப் பிடித்தால் ஒளி ஊடுருவும். கார்னீலியன் பதித்த இடம் தணல்போலச் சிவக்கும். பதித்ததுபோல் தோன்றுவது வெறும் வர்ணப்பூச்சாகவோ கண்ணாடித் துண்டாகவோ இருப்பதும் உண்டு. நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் வைக்க மாக்கல் தாஜ்மஹாலே போதும். அதில் குறையொன்றுமில்லை, சலவைக்கல் விலையைக் கொடுத்து வாங்காதவரையில். கலைக்காகவே வாங்குவோர், பெரிய மாக்கல் உருவத்தைவிட, ஒரே ஒரு மலர் பதித்த உள்ளங்கை அகலச் சலவைக்கல் தட்டை வாங்கலாம். பட்டறைக்கே சென்று, சக்கரத்தருகே சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டுப் பேரம் பேசினால், எவ்வளவு குறைத்துக் கேட்பது என்பது தானே விளங்கும்.

‘பழைய கட்டடத்துக் கல்’ என்று எவரேனும் நீட்டினால் தொடாமலிருப்பதே நன்று. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவோர்க்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010 திருத்தத்தின்படி, இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புதிதாய்ச் செய்த தட்டுக்கு இத்தகைய தடையில்லை. ஆயினும் கடல் கடந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்போர், பட்டறையின் ரசீதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.