கையொப்பத்துக்கு அப்பால்: பள்ளி மேலாண்மைக் குழுவும் அதன் அதிகாரமும்

அரசுப் பள்ளியில் பெற்றோருக்கு இடம் வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எதற்காக அந்த இடம் என்பதைத்தான் எவரும் தெளிவாகச் சொல்வதில்லை.

காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளிக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியலிட்டார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். செய்ய வேண்டியது கண்முன்னே திட்டமாக இருந்ததால் இயக்கம் மாநிலமெங்கும் பரவியது. ஆனால், கொடுப்பவர் என்ற முறையில் மட்டுமே ஊர் பள்ளிக்குள் வந்தது. வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்கும் உரிமை அந்தக் கொடையோடு சேர்ந்து வரவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதைத் தலைகீழாக்க முயன்றது. அதன் 21ஆம் பிரிவின்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். பள்ளியைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் வகுப்பது, மானியச் செலவைப் பார்ப்பது ஆகியவை குழுவின் பணிகள். மத்திய அரசின் மாதிரி விதிகள் ஆசிரியர்களின் வருகை ஒழுங்கையும் இதில் சேர்த்தன.

சிக்கல் இங்கேதான். அதே விதிகள் தலைமையாசிரியரையே குழுவின் கூட்டுநராக்குகின்றன. கூட்டத்துக்கு அழைப்பவரும் பதிவேட்டைப் பாதுகாப்பவரும் அவரே. கண்காணிக்கப்பட வேண்டியவர் கையிலேயே கண்காணிப்பின் ஏடு இருக்கிறது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த ஒரு தாய், எழுதி முடித்த தீர்மானத்தின் கீழே கையொப்பமிட்டுத் திரும்புவதை அக்கறையின்மை என்று பழிப்பது நியாயமன்று. அவர் கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. அங்கே கிராமக் கல்விக் குழுவில் தாம் இருப்பதையே அறியாத உறுப்பினர்கள் இருந்தார்கள். குழுவின் உரிமைகளை ஊர்க்கூட்டங்களில் விளக்கியும் பள்ளியில் மாற்றம் தென்படவில்லை. உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தியபோதோ, அதில் பங்கேற்ற குழந்தைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்தது. உரிமையை அறிவித்ததால் வராத பலன், குறிப்பான ஒரு வேலையை ஒப்படைத்ததால் வந்தது. ஆனால் இந்த முடிவைக் கொண்டு, பெற்றோர் பள்ளிக்கு வெளியே உதவினால் போதும் என்று வாதிடுவோருடன் நான் உடன்படவில்லை. அது மீண்டும் 1958க்கே திரும்புவதாகும்.

ஆசிரியரை நியமிக்கும், நீக்கும் அதிகாரத்தைக் குழுவுக்குத் தர வேண்டும் என்பதும் என் வாதமன்று. சாதியும் உள்ளூர்ச் செல்வாக்கும் புகுந்துவிடும் என்ற ஆசிரியர்களின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. நான் கேட்பவை இரண்டு. குழு கோருவதற்கு எழுத்து வடிவில், குறித்த நாளுக்குள் கல்வி அலுவலர் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். தீர்மானப் பதிவேடு பெற்றோர் ஒருவரிடம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஆசிரியருக்கும் நன்மையே. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் நீங்கலான கல்விசாராப் பணிகளை 27ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை மீறப்படும்போது ஆசிரியர் தனியாக முறையிடுவதைவிடப் பெற்றோர் கேட்பது வலுவானது.

மாணவர் நிலை இன்னும் மோசம். மாதிரி விதிகளில் எஞ்சிய கால் பங்கு இடங்களில் ஒரு பகுதி ‘உள்ளூர்க் கல்வியாளர்/பள்ளிக் குழந்தைகள்’ என்று ஒரு சாய்கோட்டுக்கு இருபுறமும் நிற்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றால் நாற்காலி யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பாடவேளை நடக்காமலே போகிறது என்பவற்றை நாள்தோறும் அறிந்தவர்கள் மாணவர்களே. மேல்வகுப்பு மாணவர் இருவருக்குத் தனி இடம் ஒதுக்கி, அவர்கள் சொல்வதைப் பெயர் குறிக்காமல் பதிவுசெய்யச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை. மாநில விதியில் ஒரு வரி போதும்.