சுருள் சாளர முகாமை: லினக்ஸ் மேசைத்தளத்தில் இன்னொரு ஒழுங்கு

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுத்தியது. இன்ரெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சில்லுகள் உள்ள கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எமது மடிக்கணினியும் அவற்றில் ஒன்று. பிறருடைய வங்கி விபரங்களையும் சம்பளப் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினியைப் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் இணையத்தில் ஓடவிடமுடியாது. ஆகவே லினக்ஸுக்கு மாறினோம்.

லினக்ஸுக்கு மாறுவது எப்படி என்று எழுதியவர்கள் பலர். அங்கு போனபின் கிடைக்கும் ஒரு தெரிவைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் காணவில்லை. திரையில் சாளரங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதே அந்தத் தெரிவு. பல கோப்புகளை ஒரேநேரத்தில் திறந்துவைத்து வேலை செய்பவர்களுக்கு, அதாவது கணக்காளர், மொழிபெயர்ப்பாளர், மாணவர் போன்றோருக்கு, இது பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

சாளர முகாமை என்றால் என்ன?

ஒரு செயலியைத் திறந்தால் அது திரையில் எங்கே, எந்த அளவில் தோன்றவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மென்பொருளே சாளர முகாமை. விண்டோஸிலும் மக்கிலும் அது இயங்குதளத்துடன் ஒட்டியே வருகிறது. லினக்ஸில் நாமே தெரிவுசெய்யலாம். தெரிவுகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் முறை. நாம் எல்லோரும் பழகியது இதுதான். மேசையில் கடதாசிகளைப் பரப்புவது போன்றது.

இரண்டாவது, ஓடு பதிக்கும் முறை. சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் திரையைப் பங்கிட்டுக்கொள்ளும். இது புதிய எண்ணமல்ல. 1985இல் வெளிவந்த விண்டோஸ் 1.0இல் செயலிகள் இப்படித்தான் பக்கம்பக்கமாக நின்றன. 1987இல் வந்த 2.0இல்தான் ஒன்றன்மேல் ஒன்று வைக்க முடிந்தது. லினக்ஸில் 2006இல் வந்த டிடபிள்யூஎம், 2009இல் வந்த ஐ3 ஆகியவை இவ்வகையில் பிரபலமானவை. இதிலுள்ள சிக்கல், ஐந்தாவது சாளரத்தைத் திறக்கும்போது ஏற்கெனவே உள்ள நான்கும் சுருங்கிவிடும். பன்னிரண்டு நிரல்கள் உள்ள ஒரு விரிதாள், கண்ணுக்கெட்டாத அளவுக்கு ஒடுங்கிப்போகும்.

மூன்றாவதுதான் சுருள் முறை. இதில் திரையை, இடமும் வலமுமாக நீண்டுசெல்லும் ஒரு நாடாவின்மேல் வைத்த கண்ணாடித் துண்டாக எண்ணுங்கள். புதிய சாளரம் நாடாவில் அடுத்த நிரலாகச் சேரும். பழைய சாளரங்கள் அளவு மாறுவதில்லை. இடம் போதாவிட்டால் திரைக்கு வெளியே நகர்ந்து நிற்கும். நாம் நாடாவை உருட்டி வேண்டியதைப் பார்க்கிறோம். க்னோம் மேசைத்தளத்துக்கான நீட்சியாக வந்த பேப்பர்டபிள்யூஎம் இந்த முறையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அதைப் பார்த்து ஊக்கம்பெற்று, ரஸ்ற் மொழியில், வேலண்ட் முறைமைக்கென்று தனியாக எழுதப்பட்டதே நிரி. அதன் 0.1.0 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. நாம் பாவிப்பதும் இதுவே.

எமக்கு ஏன் தேவைப்பட்டது?

ஒரு ஏப்ரல் மாதம், கனடாவில் வரிப்படிவங்களுக்கான 30ஆம் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. கூரைவேலை செய்யும் ஒப்பந்தகாரர் ஒருவருடைய காசேடும், பலசரக்குக் கடைக்காரர் ஒருவருடைய காசேடும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்திருந்தன. இரண்டும் நாம் தயாரித்த ஒரே மாதிரி விரிதாள்கள். ஒப்பந்தகாரர் கூரைத்தகடு வாங்கிய 1,840 டொலரைக் கடைக்காரரின் ஏட்டில் பதிந்துவிட்டோம்.

வணிகம் படித்தவர்களுக்கு அடுத்தது விளங்கும். வரவும் செலவும் இரண்டும் அதே பிழையான பேரேட்டுக்குள் போனதால் பரீட்சை மீதி இருவருக்கும் சரியாகவே வந்தது. வங்கி இணக்கக் கூற்றைத் தயாரித்தபோதுதான், கடைக்காரரின் ஏட்டில் வங்கி அறியாத ஒரு கொடுப்பனவும், ஒப்பந்தகாரரின் வங்கிக் கூற்றில் ஏடு அறியாத ஒரு கொடுப்பனவும் தென்பட்டன. அன்றிரவு அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒருவர் கூடுதலாக வரி கட்டியிருப்பார். மற்றவர் தனக்கு உரித்தில்லாத செலவைக் கழித்திருப்பார். அந்தச் செலவுக்கான பற்றுச்சீட்டு அவரிடம் இருந்திருக்காது. பின்னொரு நாள் வரித் திணைக்களம் கேட்டால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே.

பிழை எம்முடையது, கணினியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிழைக்கு வழிவிட்டது திரையின் ஒழுங்கு. ஒன்றுபோல் தெரியும் இரண்டு தாள்கள், ஒரே இடத்தில், மாறிமாறி மேலே வந்தன. அந்தக் காலத்தில் கடதாசி ஏட்டில் இது நேர்வது கடினம். ஒவ்வொருவருடைய ஏட்டுக்கும் மேசையில் ஓரிடம் இருந்தது. கை அந்த இடத்தை நினைவில் வைத்திருந்தது. திரையிலும் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓரிடம் வேண்டும் என்றுதான் தேடினோம்.

நிரி எப்படி இயங்குகிறது?

நிரியில் அறியவேண்டியவை மூன்று: சாளரம், நிரல், பணித்தளம். ஒவ்வொரு பணித்தளமும் ஒரு நாடா. நாடாவில் நிரல்கள் இடமிருந்து வலமாக நிற்கும். ஒரு நிரலுக்குள் ஒன்றோ, மேலும் கீழுமாகப் பல சாளரங்களோ இருக்கலாம். பணித்தளங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கடைசியில் எப்போதும் வெறுமையான ஒன்று தயாராக இருக்கும்.

ஆக, இடம் வலம் போனால் ஒரே வேலையின் கோப்புகள். மேல் கீழ் போனால் வேறு வேலை. நாம் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பணித்தளம் என்று விதி வைத்திருக்கிறோம். இப்போது இரண்டு காசேடுகள் ஒரே நாடாவில் நிற்பதில்லை.

வெளித்திரை பாவிப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனிப் பணித்தளங்கள். வெளித்திரையின் வடத்தைக் கழற்றினால் அதிலிருந்தவை மடிக்கணினிக்கு வந்துவிடும். மீண்டும் பொருத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

நிறுவுதலும் முதல் விசைகளும்

ஃபெடோரா, ஆர்ச் ஆகியவற்றின் அதிகாரபூர்வக் களஞ்சியங்களில் நிரி உண்டு. நிறுவியபின் உள்நுழையும் திரையில், கடவுச்சொல் கேட்கும் இடத்தில், எந்த அமர்வு என்று தெரிவுசெய்யலாம். பழைய க்னோமோ கேடிஈயோ அழிவதில்லை. பிடிக்காவிட்டால் வெளியேறி அதற்கே திரும்பலாம்.

கூடவே அலக்ரிற்றி என்ற முனையத்தையும் ஃபஸல் என்ற செயலி திறப்பானையும் நிறுவுங்கள். நிரியின் ஆரம்ப அமைப்பு இவற்றையே எதிர்பார்க்கிறது. இவை இல்லாவிட்டால் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டி வரும். திரையின் மேற்பட்டைக்கு வேபார் என்பதைச் சேர்க்கலாம்.

விண்டோஸ் சின்னமுள்ள விசையைச் சூப்பர் என்பார்கள். அதை அழுத்திக்கொண்டு மற்ற விசையைத் தட்டவேண்டும். முதல் நாளுக்கு இவை போதும்:

– சூப்பர் + டி: செயலிகளைத் தேடித் திறக்க
– சூப்பர் + இட, வல அம்புக்குறிகள்: பக்கத்து நிரலுக்குப் போக
– சூப்பர் + கொன்ட்ரோல் + இட, வல அம்புக்குறிகள்: நிரலையே நகர்த்த
– சூப்பர் + ஆர்: நிரலின் அகலத்தை மூன்றில் ஒன்று, பாதி, மூன்றில் இரண்டு என்று மாற்ற
– சூப்பர் + எஃப்: நிரலைத் திரை முழுவதும் விரிக்க
– சூப்பர் + காற்புள்ளி: வலப்பக்கச் சாளரத்தை இந்த நிரலுக்குள் எடுக்க
– சூப்பர் + முற்றுப்புள்ளி: அதை வெளியே விட
– சூப்பர் + பக்கம் மேல், பக்கம் கீழ் விசைகள்: பணித்தளம் மாற
– சூப்பர் + ஓ: எல்லாவற்றையும் சிறிதாக்கி ஒரே பார்வையில் காண
– சூப்பர் + கியூ: சாளரத்தை மூட

மறந்தால், சூப்பரும் ஷிப்றும் சாய்கோடும் சேர்த்து அழுத்துங்கள். முக்கிய விசைகளின் பட்டியல் திரையில் வரும். மடிக்கணினியின் தொடுபட்டையில் மூன்று விரல்களால் இடம் வலமாக இழுத்தால் நாடா உருளும். மேல் கீழாக இழுத்தால் பணித்தளம் மாறும். விசைகளை மனனம் செய்ய விரும்பாதவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

அமைப்புகள் யாவும் கேடிஎல் என்ற வடிவத்தில் எழுதப்பட்ட ஒரே கோப்பில் உள்ளன. அதைத் திருத்திச் சேமித்த உடனே மாற்றம் நடைமுறைக்கு வரும். எழுத்துப் பிழை விட்டால் நிரி அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, பழைய அமைப்பிலேயே தொடரும்.

ஒரு வங்கி இணக்கம், ஒரு நாடா

எமது நாடா இடமிருந்து வலமாக இப்படி இருக்கும்: முதலில் வங்கிக் கூற்று, அடுத்து காசேடு, அடுத்து இணக்கக் கூற்று. இம்மூன்றில் எந்த இரண்டு பக்கத்திலுள்ளனவோ அவை திரையில் பாதிபாதியாகத் தெரியும். நான்காவது நிரலில் பற்றுச்சீட்டுப் படங்கள், கடைசியில் மின்னஞ்சல்.

வேலைக்கு நடுவில் ஒரு பற்றுச்சீட்டைத் திறந்தால் காசேடு சுருங்குவதில்லை, மறைந்தும் போவதில்லை. பார்த்து மூடியதும் விட்ட வரியிலேயே கண் நிற்கும். இரண்டு வாரத்துக்குப்பின், கூற்று இடப்பக்கம், பற்றுச்சீட்டு வலப்பக்கம் என்று கை தானாகவே போகத் தொடங்கியது. இணக்கக் கூற்றை நாம் விட்டுவிடவில்லை. பிழையைக் கண்டுபிடிப்பது இன்றும் அதுதான். திரையின் ஒழுங்கு பிழைக்கான வாய்ப்பைக் குறைக்கிறது, அவ்வளவே.

தமிழ்த் தட்டச்சும் இரகசியம் காத்தலும்

தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிற்றிக்ஸ்5 என்பதையும் அதன் எம்17என் இணைப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல் முறை இரண்டும் கிடைக்கும். நிரி தொடங்கும்போது இதுவும் தொடங்குமாறு அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கவேண்டும்.

காணொளிச் சந்திப்பில் திரையைப் பகிர்பவர்களுக்கு நிரியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. குறிப்பிட்ட செயலியின் சாளரத்தைப் பகிர்வில் காட்டாதே என்று விதி எழுதலாம். எமக்கு அது தெரியும். மறுமுனையில் இருப்பவருக்குக் கறுப்புக் கட்டம் மட்டுமே தெரியும். மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல் பெட்டகத்துக்கும் இந்த விதியை வைத்திருக்கிறோம். திரையைப் பகிர்வதற்கே க்னோமின் எக்ஸ்டிஜி போர்ட்டல் என்ற துணைப்பொதி தேவை என்பதையும் கவனியுங்கள்.

திரைப்பூட்டு தானாக இயங்காது. ஸ்வேலொக், ஸ்வேஐடில் இரண்டையும் நிறுவி, எத்தனை நிமிடத்தில் பூட்டவேண்டும் என்று நீங்களே அமைக்கவேண்டும். பிறருடைய கணக்குகள் உள்ள கணினியில் முதல் நாளே செய்யவேண்டியது இது.

குறைகள்

நிரியில் சாளரத்தைச் சிறிதாக்கி ஒளித்துவைக்கும் பொத்தான் இல்லை. ஒன்று திறந்திருந்தால் நாடாவில் எங்கோ நிற்கும். பதினைந்து சாளரங்களைத் திறந்துவிட்டு மறந்தால் நாடா நீண்டு தேடுவது கடினமாகும்; அப்போது சூப்பரும் ஓவும்தான் துணை.

வேலண்டுக்கு மாறாத பழைய செயலிகளுக்கு எக்ஸ்வேலண்ட் சற்றலைற் என்ற துணை மென்பொருள் வேண்டும். 25.08 பதிப்பிலிருந்து, அது நிறுவப்பட்டிருந்தால் நிரி தானாகவே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒலி, வை-ஃபை, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கான அமைப்புத் திரைகளை நிரி தருவதில்லை. அவற்றுக்குத் தனித்தனிச் செயலிகள் தேவை. எமது வரிப்படிவ மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது. அதற்காக ஒரு விண்டோஸ் 11 கணினியை வைத்திருக்கிறோம். கணக்குப் பதிவு லினக்ஸில், படிவம் அனுப்புவது அதில்.

யார் மாறலாம்?

மின்னஞ்சலும் யூடியூப்பும் பார்ப்பதற்கே கணினி என்பவர்களுக்கு இந்த மாற்றத்தால் பெரிய நன்மை இல்லை. ஒரு கணினியைக் குடும்பத்தில் நால்வர் பாவித்தால் மற்றவர்களுக்கு க்னோமையே விட்டுவிடுங்கள். நிரி அதிகமாகத் தோன்றினால் க்னோமில் பேப்பர்டபிள்யூஎம் நீட்சியையோ, கேடிஈ பிளாஸ்மாவில் கரோசல் என்ற துணைநிரலையோ போட்டு இதே முறையைச் சோதிக்கலாம்.

நாள் முழுவதும் மூன்று நான்கு கோப்புகளை ஒப்புநோக்குபவர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம். முதல் வாரம் வேலை மெதுவாகவே நடக்கும், எமக்கும் அப்படித்தான். எனவே கணக்கு வேலை செய்பவர்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொடங்கவேண்டாம். சுயதொழில் செய்வோரின் படிவங்களுக்கான ஜூன் 15 கடந்தபின், தரவுகளை வெளி வன்தட்டில் பிரதியெடுத்துவைத்து, ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாதக் கணக்கை மட்டும் இந்த முறையில் செய்து பாருங்கள். அந்த மாத வங்கி இணக்கம் முடியும்போது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.