சுத்தபோசனமும் நண்டுச் சாறும்

ஜூபிலி மலரில் கோவில் எழும்பிய வரலாறு இருக்கும். அடுப்பங்கரைக்கு இங்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம் வேதம் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுச் சட்டிக்குள்ளும் புகுந்த காரணத்தால் இதை எழுதத் துணிந்தேன்.

இன்று திண்டிவனத்தோடு சேர்ந்திருக்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், ஆமூர் உழவர் வீட்டுப் பெண் உலக்கையால் குத்திய அரிசிச் சோற்றை நண்டுக் கறியோடு பாணருக்குப் படைக்கிறாள். எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருகின்றனர். எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. நண்டு ஏழை வீட்டுக் கறி என்று முகம் சுளிப்போர் இதை நினைவில் கொள்வார்களாக!

திருச்சபையின் ஒழுங்கைப் பெரியவர்கள் அறிவார்கள். ஒருசந்தியில் உணவு குறையும். சுத்தபோசனத்தில் மாமிசம் விலகும். 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மாமிசத்தை மட்டுமல்ல, மாமிசச் சாற்றையும் விலக்கியது. அதாவது, கோழியைத் தள்ளிவிட்டு அதன் ரசத்தைக் குடிப்பதும் ஆகாது. மீன், நண்டு, இறால் இவற்றுக்குத் தடையில்லை. 1966-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் இவ்வொழுங்கைத் தளர்த்தி, மாமிசத்துக்குப் பதில் வேறு தவமுயற்சிகளை ஏற்படுத்த ஆயர் பேரவைகளுக்கு இடமளித்தார்.

இந்தச் சுத்தபோசன நாட்களுக்குப் பிரான்சு தேசத்துச் சமையலறைகளில் கைகொடுத்தவற்றுள் ஒன்று ‘பிஸ்க்’. நண்டு, இறால் ஓடுகளை வதக்கி, இடித்து, கொதிக்கவைத்து, அரிசியால் கெட்டியாக்கி வடித்த சாறு அது. 1776-ல் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் நம் பகுதி மறைப்பணியை ஏற்றார்கள். 1886-ல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமாயிற்று. 1879-ல் விழுப்புரம்–புதுச்சேரி ரயிலும் வந்தது. பிரெஞ்சுப் பழக்கங்கள் புதுச்சேரி அடுப்புகளில் நம் மசாலாவோடு கலந்தன. ஆயினும் நம் நண்டு ரசம் அவர்களிடம் கற்றதன்று.

பணக்காரர் பிஸ்கில் பிராந்தியும் பாலாடையும் ஊற்றுவர். நமக்கு அது வேண்டாம். ஒரு கிலோ இறாலை உரித்தபின் நாம் குப்பையில் கொட்டும் தலையும் ஓடும் போதும். அல்லது அரைக்கிலோ சிறு நண்டு. கழுவி, இரண்டு கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்குங்கள். ஓட்டிலுள்ள சிவப்பு நிறம் கொழுப்பில்தான் கரையும். ஆகவே எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி சேர்த்து வதக்கி, உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரும் இரண்டு கரண்டி பச்சரிசியும் போட்டு அரைமணி நேரம் கொதித்தால் போதும். ஒருமுறை நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டே அடுப்பை மறந்தேன், சாறு கசந்துவிட்டது. குழைந்த அரிசியைக் கரண்டியால் மசித்து, துணியில் பிழிந்து வடியுங்கள். ஓட்டுச் சில்லு ஒன்றுகூடக் குழந்தைகள் தொண்டைக்குப் போகலாகாது. அடுப்பைத் தணித்து ஒரு டம்ளர் தேங்காய்ப்பால், மிளகுத்தூள், உப்பு சேர்த்து இறக்கினால் ஆறு பேர் குடிக்கலாம். நண்டு, இறால் ஒவ்வாதவர்கள் தொடவேண்டாம்.

என் மனக்குறை ஒன்றுண்டு. சுத்தபோசன நாளில் ஆட்டுக்கறியை விட்டுவிட்டு அதைவிட விலையுயர்ந்த பெரிய இறாலை வாங்கி விருந்து சமைக்கிறோம். சட்டம் மீறப்படவில்லை, ஆனால் அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்து ஏழைக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? சந்திப்பு வேளைகளில், படுக்கையிலிருக்கும் நம் பங்கு முதியவர்கள் எத்தனை பேர் சூடாக ஒரு டம்ளர் எதையாவது குடிக்க ஏங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். கொட்டிவிடும் ஓட்டில் அவர்களுக்கும் பங்குண்டு.

2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, மரக்காணம் அருகே கடலோடு சேர்கிறது. அப்பக்கத்து நண்டு வாங்கும்போது வயிற்றில் முட்டையுள்ள பெண் நண்டைத் தவிர்ப்பது நல்லது. பிழிந்த சக்கையைத் தென்னை அடியில் புதைத்தால் சுண்ணாம்புச் சத்துள்ள எருவாகும். ஆழமாகப் புதையுங்கள், எங்கள் பங்குமனைத் தோட்டத்தில் நாய் இருமுறை தோண்டிவிட்டது.