சட்டம் முந்தியது, சிகிச்சை பிந்தியது

இலங்கையில் போதைப்பொருளின் வரலாற்றைத் தேடப் போனால் முதலில் கையில் கிடைப்பது சட்டப் புத்தகம்தான். ஆங்கிலேயர் ஆட்சியில் உரிமம் பெற்ற கடைகளில் அபின் பகிரங்கமாக விற்கப்பட்டது. அரசாங்கத்துக்கு அதில் வருமானமும் இருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே கட்டுப்பாடு வந்தது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இன்றுவரை அடிப்படை. 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் நாட்டுக்குள் பரவியது. 1984இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை மரணம் வரை போனது. போதைக்கு அடிமையானவரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்று தனிச் சட்டம் வந்தது 2007இல், 23 ஆண்டுகள் கழித்து. ஐஸ் பரவியபோது 2022இல் மறுபடியும் சட்டம் இறுக்கப்பட்டது.

இந்த வரிசையின் விளைவை நமது வீடுகளில் பார்க்கலாம். மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் பொலிசுக்குத் தெரிஞ்சிடுமோ, ஊர்ல பேர் கெட்டுப் போயிடுமோ என்று உம்மாமார் பயப்படுகிறார்கள். கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தி அந்தப் பயத்தைக் கூட்டவே செய்தது.

ஆனால் இதே நாட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் வீடு வீடாகப் போனார்கள். 1945இல் ஆயிரம் பிறப்புக்கு 140 சிசுக்கள் இறந்தன. இன்று அது பத்துக்கும் குறைவு. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி எனக் காரணங்கள் பல இருந்தாலும், வாசலுக்கு வந்த அந்தப் பெண்களின் பங்கு பெரிது. 2004 சுனாமிக்குப் பின்னரும் அப்படித்தான். அதற்கு முன் 10 சுகாதார மாவட்டங்களில் மட்டும் இருந்த உளநல சேவைக் கட்டமைப்பு, சில ஆண்டுகளில் 20 மாவட்டங்களுக்கு விரிந்தது.

போதைச் சிகிச்சையிலும் பாடத்துக்குப் பஞ்சமில்லை. கொழும்புத் திட்டம் 1973இலேயே போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவைத் தொடங்கியது. அது உருவாக்கிய சிகிச்சையாளர் பாடத்திட்டம் பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. நமது முன்னோரிடமும் இந்தச் சிந்தனை இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸி அபினைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹராம் என்பதில் சந்தேகமில்லாத ஒரு சமூகத்திலும், அடிமைப்பட்டவன் மருத்துவருக்கு நோயாளியாகவே இருந்தான். மதுவிலக்கே படிப்படியாக இறங்கியது என்பதை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இறக்காமம் வயலும் குளமும் சூழ்ந்த ஊர். கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையின் கீழ் வருவது. ஓ.பி.டி. டாக்டர், தாதி, பீ.எச்.ஐ., வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவிச்சி ஆகியோரைத்தான் இங்குள்ள இளைஞனும் அவனது குடும்பமும் முதலில் சந்திக்கிறார்கள். பயிற்சி அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். குற்றம் சாட்டாமல் கேள்வி கேட்பது, சொன்னதை இரகசியமாக வைப்பது, சில நிமிடங்களில் ஆலோசனை சொல்வது, தேவையானால் உளநலப் பிரிவுக்கு அனுப்புவது: இவைதான் அந்தப் பயிற்சியின் அடிப்படை. ஐஸ் பழக்கத்துக்கு ஹெரோயினுக்கு உள்ளதுபோல மாற்று மருந்து கிடையாது. உளவளத் துணைதான் முக்கிய சிகிச்சை. ஆகவே, பேசத் தெரிந்த ஆள் இல்லாத ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுக்க அதிகம் ஒன்றும் இல்லை.

பள்ளிவாசல் நிருவாகங்கள் போதைக்கு எதிராகக் குத்பா வைக்கின்றன, அது வேண்டியதே. அத்தோடு, பிராந்தியப் பணிமனையிடம் இந்தப் பயிற்சியையும் எழுத்தில் கேட்கட்டும். நம் பாட்டிமாரின் பிரசவத்துக்கு வாசல் வரை வந்த சேவை, பேரனின் நோய்க்கும் வரலாம்.