கிராம்பை வேண்டாம் என்ற பம்பாய்

பல்வலி என்றதும் நம் வீடுகளில் முதலில் திறப்பது அஞ்சறைப் பெட்டியைத்தான். "ஒரு கிராம்பை எடுத்து வலிக்கிற பல்லில் வைத்துக் கடி" என்பார்கள். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது, கொய்யா இலை மெல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். இதற்குப் பாட்டி வைத்தியம் என்று பெயர் வேறு. ஆனால் இந்தக் கிராம்பு பாட்டி ஊர்ச் சரக்கே இல்லை, கப்பலேறி வந்தது. அந்தக் கப்பல் சரக்கை நம் பம்பாய் ஒரு காலத்தில் வேண்டாம் என்று தள்ளிவைத்தது. மாட்டுங்காவில் கிராம்பு வாங்கும் நம்மாட்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

கிராம்பின் சொந்த ஊர் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். பூ விரிவதற்கு முன் மொட்டாகவே பறித்துக் காயவைத்தால் அதுதான் கிராம்பு. காளிதாசன் காலத்திலேயே கடல் கடந்து இங்கே வந்துகொண்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி ஆம்பன் பகுதியில் மட்டும் மரங்களை வைத்துக்கொண்டு, மற்ற தீவுகளில் இருந்ததை வெட்டிச் சாய்த்தது. வரத்தைக் குறைத்தால் விலை தானாக நிற்கும் என்ற கணக்குதான். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் கன்றுகளைக் கடத்தி மொரீஷியஸுக்குக் கொண்டுபோக, அந்த ஏகபோகம் உடைந்தது.

நம் ஊருக்குக் கன்று வந்தது 1800 வாக்கில். கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வைத்த வாசனைப் பயிர்த் தோட்டத்தில்தான் இந்தியாவில் முதலில் கிராம்பு நட்டார்கள். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி பழைய திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் குளிக்கப் போன மலையடிவாரத்திலேயே கிராம்பு வளர்ந்திருக்கிறது. பிறகு அது நீலகிரிக்கும் தெற்குத் திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவியது. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனாலும் நாடு முழுக்க பீடாவுக்கும் பிரியாணிக்கும் பல்லுக்கும் இது போதவில்லை. சரக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

அந்த வெளி, ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் சான்சிபார். ஓமான் சுல்தான்கள் காலத்தில் அங்கும் பக்கத்துப் பெம்பா தீவிலும் கிராம்புத் தோப்புகள் பெருகின. மொட்டுப் பறித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1897ல்தான் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அந்தத் தீவுகள் உலகக் கிராம்பில் பெரும்பங்கை விளைவித்தன. வியாபாரமும் கடன் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தியர்கள் கையில், குறிப்பாக குஜராத்தி, கட்சு வணிகர்கள் கையில் இருந்தன.

இனி வருவது என் தொழில் சம்பந்தப்பட்ட இடம். தோப்புக்காரர் அடுத்த அறுவடையை நம்பி வியாபாரியிடம் கடன் வாங்குவார், தோப்பு அடமானம். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் கிராம்பு விலை விழுந்தது. கடன் நின்றது, வட்டி ஏறியது. 1934ல் அங்கிருந்த பிரிட்டிஷ் நிர்வாகம் சில சட்டங்களைப் போட்டது. அராபியர், ஆப்பிரிக்கர் நிலம் மற்றவர் கைக்கு மாறுவதற்குக் கட்டுப்பாடு. கடன் வசூலுக்குத் தற்காலிகத் தடை. நிலைமையைப் பார்த்துவர இந்திய அரசு ஓர் ஐ.சி.எஸ். அதிகாரியை அனுப்பியது. அவர் கே.பி.எஸ். மேனன், பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளர். இந்தியர்களை இந்தச் சட்டங்கள் எப்படி நசுக்குகின்றன என்று அவர் அறிக்கை கொடுத்தார். பலனில்லை. 1937ல் இன்னொரு சட்டம் வந்து, கொள்முதல் உரிமையைக் கிராம்பு விவசாயிகள் சங்கம் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. இந்திய வியாபாரி கிட்டத்தட்ட வெளியே நின்றார்.

காங்கிரஸ் கையிலெடுத்த ஆயுதம் எளிமையானது: சான்சிபார் கிராம்பை வாங்காதே. நேரு இதற்கு அழைப்பு விடுத்தார். 1938 பிப்ரவரியில் ஹரிபுரா மாநாடும் தீர்மானம் போட்டது. சரக்கு வந்து இறங்கும் துறைமுகம் பம்பாய் என்பதால் புறக்கணிப்பின் மையமும் இங்கேதான். கிராம்பு வாங்குவோர் பட்டியலில் இந்தியா முன்வரிசையில் இருந்தது. அது நிறுத்தியதும் சான்சிபாருக்கு உறைத்தது. 1938 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. சங்கத்திடமிருந்து ஒரு பங்கை வாங்கிக்கொண்டு இந்தியர்கள் ஏற்றுமதியைத் தொடரலாம் என்று ஆயிற்று.

நாம் ஜெயித்த கதை என்று இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் கடன் கொடுத்தவனுக்கு ஒரு நியாயம் என்றால் தோப்பை அடமானம் வைத்தவனுக்கும் ஒரு நியாயம் உண்டு. பிரிட்டிஷ்காரர் செய்தது இந்தியர் மீதான பாகுபாடு என்பது உண்மை. தோப்புக்காரர் கடனில் மூழ்கிக் கிடந்தார் என்பதும் உண்மை. 1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்தபோது அராபியர்களும் இந்தியர்களும் கொல்லப்பட்டார்கள், ஏராளமானோர் ஊரை விட்டு ஓடினார்கள். கடன் மட்டுமே அதற்குக் காரணமில்லை. ஆனால் பழைய கசப்புகளில் அதற்கும் பங்குண்டு.

சரி, கிராம்பு வேலை செய்யுமா? செய்யும். அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற பொருள். நரம்பு வழியே போகிற வலிச் செய்தியை அது மறிக்கிறது. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வருமே, அது இதுதான். துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உள்ள வழக்கம். 2006ல் குவைத்தில் நடந்த ஓர் ஆய்வில், கிராம்புக் கூழ் மருத்துவர்கள் தடவும் மரப்பு மருந்தான பென்சோகெயினுக்குச் சமமாக வேலை செய்தது.

ஆனால் வலி அடங்கினால் சொத்தை அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. வங்கியில் வாராக் கடனுக்குத் தவணையைத் தள்ளிப்போடுகிறோமே, அந்த மாதிரி :-) கணக்குப் புத்தகம் அழகாக இருக்கும், அசல் அப்படியே நிற்கும். ஒரு மொட்டைக் கடித்துக்கொண்டு இரவைக் கடத்துங்கள், காலையில் டாக்டரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காலை வரை கூடக் காத்திருக்க வேண்டாம். கிராம்பு எண்ணெயைக் குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது. கொஞ்சம் விழுங்கினாலும் ஈரலைப் பாதிக்கும், வலிப்பு வரும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடும் நம்மாட்களுக்கு ஒரு தகவல்: மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாராவியிலிருந்து மாஹிம் போய் வெஸ்டர்ன் லைனில் ஏறினால் நேராக இறங்கிவிடலாம்.