அணுக்கால நகரத் தற்காப்பும் கொங்குநாடும்: 1942ஆம் ஆண்டுச் சென்னை வெளியேற்றத்தை முன்வைத்து

முன்னுரை

அணுகுண்டுத் தாக்குதலை எதிர்நோக்கும் நகரம் தன் மக்களை நிலத்தடிக் காப்பறைகளில் காப்பதா, நகரைவிட்டு வெளியேற்றுவதா என்னும் வினா 1945க்குப் பின் உலகெங்கும் எழுந்தது. சுவிட்சர்லாந்து 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் காப்பறைகளைக் கட்டாயமாக்கியது. தமிழகம் இதனையொத்த வினாவை அணுகுண்டுக்கு முன்னரே, 1942இல் எதிர்கொண்டது. அன்று கிடைத்த விடையில் கொங்குநாடு பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடற்கரை நகரின் அச்சம்

1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுக எண்ணெய்க் கிடங்குகளை எரித்தன. உயர்நீதிமன்ற வளாகச் சுவரும் சிதைந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னையில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. எனினும் அரசு முதன்மையாக நம்பியது வெளியேற்றத்தையே. உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளும் சுட்டுக் கொல்லப்பட்டன.

உள்நாட்டுக் காப்பிடம்

உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. கடலிலிருந்து தொலைவு, இருப்புப்பாதை வசதி ஆகியன அந்நகருக்கு வாய்த்திருந்தன. அதே மாவட்டத்தில் அமைந்த தாராபுரமோ இருப்புப்பாதை எட்டாத ஊர். எனவே தொலைவு மட்டுமே ஓர் ஊரைக் காப்பிடமாக்குவதில்லை. சென்றுசேரும் வழியும் தங்குவதற்கான இடமும் வேண்டும். அலுவலகங்களுக்கு அரசு இடம் தேடியது. மக்களோ பெரிதும் சொந்த ஊரையும் உறவினர் வீட்டையும் நாடினர். அவ்வாறு போக்கிடம் அற்றோர்க்கு வெளியேற்றம் என்பது விடையாகாது என்பதே இதனால் பெறப்படும்.

அணுக்காலப் பொருத்தம்

அணுகுண்டு வெடிப்பில் எழும் கதிரியக்கத் துகள்கள் காற்றுவழி நெடுந்தொலைவு பரவுவதால் கடல் தொலைவு தரும் காப்பு குறைகிறது. நேரம் ஏழு மடங்காகுந்தோறும் அத்துகள்களின் கதிர்வீச்சு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும். முதல் மணிநேர அளவு, இரண்டு நாள்களில் நூறில் ஒன்றாகிவிடும். ஆகவே தடித்த சுவர்களுக்குள் முதல் சில நாள்களைக் கழிப்பது ஓட்டத்தினும் பயன் தரலாம். இந்தியாவில் குடிமக்கள் தற்காப்புச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. 2025 மே 7 அன்று கல்பாக்கத்தில் தற்காப்பு ஒத்திகை நிகழ்ந்தது.

முடிவுரை

1942ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஆட்சியின் தொடர்ச்சிக்கு இடம் வரையறுக்கப்பட்டது. எளிய மக்களின் இருப்பு அவரவர் உறவுகளிடம் விடப்பட்டது. எனவே காப்பறைத் திட்டத்தை மதிப்பிடும் ஆய்வாளர், சுவரின் தடிப்பைக் கணக்கிடுவதற்கு முன்னர், அச்சுவருக்குள் யாருக்கு இடம் உண்டு என்பதை வினவுதல் வேண்டும்.