ராத்திரி முழுக்க முழிச்சிருந்தது யார்? சார்க்கோல் ஸ்மோக்கரின் கதை

இன்னைக்கு எபிசோடு வரலாறுதான். ஆனா ஆரம்பிக்கிறது என்னோட ஒரு சொதப்பலில் இருந்து.

பிராஜெக்ட் வேலையா கொஞ்ச நாள் சிகாகோ பக்கம் இருந்தேன். அப்போ ரூம்மேட்டும் நானும் செகண்ட் ஹேண்டில் ஒரு சார்க்கோல் ஸ்மோக்கர் வாங்கினோம். பெரிய தோட்டாவை நட்டு வெச்ச மாதிரி ஒரு கறுப்பு உருளை. அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, அதுக்கு மேல கறி வைக்கிற கம்பி வலை, உச்சியில் மூடி. கீழேயும் மூடியிலும் காற்றுத் துளைகள். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை.

மூணு கிலோ பன்றித் தோள்பட்டைக் கறி எடுத்தோம். தோள்பட்டை ஓயாம உழைக்கிற தசை. அதில் கொலாஜன் அதிகம். அது மெதுவான சூட்டில், பல மணி நேரம் கழிச்சுதான் ஜெலட்டினா மாறும். அதனால சுமார் 110 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரத்துக்கு மேல விடணும். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தேன். திறந்தா காற்று உள்ளே போகும், கரி வெறி பிடிச்சு எரியும். பயந்து எல்லாத் துளையையும் மூடினா நெருப்பு சோர்ந்துடும். கடைசியில் வெளியே கருகல், உள்ளே ரப்பர். பீட்சா ஆர்டர் பண்ணினோம்.

அப்பதான் ஒரு கேள்வி வந்துச்சு. இந்த டப்பா வர்றதுக்கு முன்னாடி இந்த வேலையை யார் பார்த்தாங்க?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், தோட்ட முதலாளிகளின் விருந்துகளுக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் முழு விலங்குகளையே சுட்டார்கள். அதுக்கு நீளமா குழி வெட்டணும். பக்கத்தில் விறகை எரிச்சு, தணலை மண்வெட்டியால் அள்ளி அள்ளிக் குழியில் போடணும். தணல் கூடினா கருகும், குறைஞ்சா வேகாது. விடிய விடிய அந்தக் குழியைக் காத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள்.

1930களில் அமெரிக்க அரசு, முன்னாள் அடிமைகளின் நினைவுகளைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்தது. தெற்குக் கரோலினாவின் வெஸ்லி ஜோன்ஸ் அதில் பேசியிருக்கிறார். குச்சி நுனியில் துணி சுற்றி, வினிகரும் மிளகும் வெண்ணெயும் கலந்த சாற்றை ராத்திரி முழுக்கக் கறியில் தடவுவாராம். அது நெருப்பில் சொட்டும்போது எழும் புகைதான் கறிக்கு மணம் ஏற்றும் என்கிறார். மணம் எங்கிருந்து வருதுன்னு அவருக்கு அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்கு.

இப்போ டப்பா கதைக்கு வருவோம். 1920களில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் மிச்சிகனில் கார் பாகங்களுக்காக மரம் அறுத்தது. மிஞ்சின மரக்கழிவைக் கரியாக்கி, கட்டிகளா அழுத்தி விற்றது. ஒரே அளவு, ஒரே மாதிரி எரியும். விறகை எரிச்சுத் தணலாக்கிற வேலை போச்சு. 1952இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன், தான் வேலை பார்த்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில், தண்ணீரில் மிதக்கும் மிதவைக்கான உலோகக் கோளத்தைப் பாதியாக்கி, மூடியும் துளைகளும் உள்ள அடுப்பு செய்தார். மண்வெட்டி பார்த்த வேலையைத் துளை எடுத்துக்கிட்டது. 1981இல் அதே வெபர் நிறுவனம் தோட்டா வடிவ ஸ்மோக்கரைக் கொண்டுவந்தது.

உள்ளே நடக்கிறது எளிமைதான். கிடைக்கிற காற்று அளவுக்குத்தான் கரி எரியும், அதனால துளைதான் ஆக்சிலரேட்டர். தட்டில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேல சூடாகாது. அதிகச் சூட்டை உறிஞ்சி ஆவியாப் போயிடும். நம்ம ஊர்க் கரிமூட்டத்தில் மண்ணைப் பூசிக் காற்றை அடக்குறாங்களே, காற்றைக் கட்டுப்படுத்துற அதே சூட்சுமம்தான்.

ரெண்டாவது தடவை நாங்க பற்றவைக்காத கரியை நிரப்பி, மேல கொஞ்சமா எரியும் கரியைப் போட்டோம். ஜிம் மினியன் என்பவர் பிரபலமாக்கின முறை இது. நெருப்பு மேலிருந்து மெல்ல இறங்கும். மணத்துக்கு ரெண்டு துண்டு ஆப்பிள் மரம். மேல் துளை முழுசா திறப்பு, கீழ்த் துளை இத்தனூண்டு. மூடியைத் தொடவே இல்லை. கறியின் உள்சூடு 70 டிகிரி பக்கம் வந்து மணிக்கணக்கா நகரவே இல்லை. வியர்வை நம்மைக் குளிர்விக்கிற மாதிரி, கறியில் இருந்து ஆவியாகும் ஈரம் அதைக் குளிர்விக்குது. பயப்படாம விட்டோம். 93 வந்ததும் எடுத்தா, முள்கரண்டி பட்டதும் பிரிஞ்சு வந்துச்சு. ஒரு விஷயம்: இதைத் திறந்தவெளியில் மட்டும் பண்ணுங்க. கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. வீட்டுக்குள்ளேயோ, அடைச்ச பால்கனியிலோ வேண்டவே வேண்டாம்.

அன்னைக்கு நடுராத்திரியில் நான் நாலு மணி நேரம் நிம்மதியா தூங்கினேன். வெஸ்லி ஜோன்ஸ் அப்படித் தூங்கியிருக்க முடியாது. அவர் மாதிரி ஆட்கள் கையாலும் மூக்காலும் செய்ததைத்தான் இப்போ ஒரு தகரத் துளை செய்யுது. ஆனா இந்த அடுப்புகள் வீட்டுக்கு வீடு வந்த 1950கள், 60களின் விளம்பரங்களில் ஏப்ரன் கட்டி நின்னது வெள்ளைக்கார அப்பாக்கள்தான்.

நானும் ஆட்டோமேஷன் எழுதித்தான் சம்பளம் வாங்குறேன். எந்த வேலையை மிஷினுக்குக் கொடுத்தாலும், அதை முதலில் கத்துக்கிட்டவர் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கான்னு இப்போ ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன். நீங்களும் உங்க ஆபீஸில் தேடிப் பாருங்க. கிடைச்சா எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.